சாவி கைமாறும் நாள்

ஜனவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை முதல் வேலையாகச் சலவைக்கூடத்தின் பூட்டைத் திறந்தேன். பல் விளக்கியதெல்லாம் கணக்கில் வராது. வீட்டை விட்டு இறங்கி, பனியில் நனைந்திருந்த அந்தக் கனமான பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பியபோதுதான் எனக்கு வருடம் பிறந்தது. ஆமாம், இந்த அரை வருடத்துக்கு நான்தான் 'சாவி'.

உனக்கு மறந்திருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருவர் என்று சாவி கைமாறும். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் முதலில் வந்து திறக்க வேண்டும், கூட்டம் நடத்த வேண்டும், துணி அனுப்பும் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பேச்சு வாங்க வேண்டும். தவணை முடிந்ததும் மறுபடி துணி தேய்க்கும் உருளை முன்னால் போய் நின்றுவிட வேண்டும். பதினான்கு பேரில் யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. அப்பா ஆரம்பித்து வைத்த பழக்கம். முப்பது வருடமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

நாங்கள் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. உன் வீட்டில் எல்லோரும் எப்படி? குட்டிக்குச் சளி விட்டதா? போனில் கேட்டால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன சொல்றான், என்ன சொல்றான்" என்று உயிரை எடுப்பார். அதனால்தான் நமக்கு இந்தக் கடிதம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஐரோப்பிய அரசியல் கொள்கைகளைப் பற்றி வகுப்பு எடுக்கிறாய், பழைய சோஷலிஸ்டுகள் எதை நம்பினார்கள் என்பதை அப்பாவின் வாயால் கேட்டு எழுது என்றாய். நேற்றுச் சாயங்காலம் பேனாவோடு உட்கார்ந்தேன்.

"எழுதிக்கோ" என்றார். "சோஷலிஸ்ட்னா ஏழைக்கு இரக்கப்படறவன் இல்ல. இரக்கம் முதலாளிக்கும் இருக்கும். எந்த மிஷின்ல பத்துப் பேர் கை படுதோ, அந்த மிஷின் பத்துப் பேரோடதுன்னு சொல்றவன் சோஷலிஸ்ட். மனுஷன் பொறக்கும்போதே பேராசைக்காரன்னு மத்தவன் சொல்லுவான். இல்லடா, போட்டியில தள்ளி நாமதான் அப்படி ஆக்கிட்டோம், சேர்ந்து பிழைக்கவிட்டா சேர்ந்து பிழைப்பான்னு சொல்றவன் சோஷலிஸ்ட்."

நமக்குச் சின்ன வயதில் சொன்ன அதே வார்த்தைகள். மகிழ்ச்சியாகப் பேனாவை மூடினேன். அப்போது தொடர்ந்தார்: "ஆனா பழமைவாதி சொல்றதையும் முழுசா ஒதுக்கிட முடியாதும்மா. கூட்டம்னா ஒரு நாள் புத்தியோட இருக்கும், ஒரு நாள் கிறுக்குப் பிடிக்கும். பின்னாடி யாராவது ஒருத்தர் நிக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் அப்பாவா? "யாருப்பா நிக்கணும்?" என்றேன். "டீ ஆறிடுச்சு பாரு" என்று எழுந்து போய்விட்டார். வயதாகிறது என்று எடுத்துக்கொண்டேன். நீ என்ன நினைக்கிறாய்?

அன்புடன்,
அக்கா

*

ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். குட்டியின் சளி குட்டியை விட்டு என்னைப் பிடித்திருக்கிறது. அப்பாவை மாடிப்படி ஏறவிடாதே.

நீ எழுதி அனுப்பியது தங்கம். 'உற்பத்திச் சாதனம்' என்று ஆரம்பித்தாலே என் மாணவர்களுக்குக் கண் சொருகிவிடும். அதனால் உன் உருளையை வகுப்புக்குள் தள்ளிக்கொண்டு போகப்போகிறேன். ஆவியில் சூடேறி, ஈரப் போர்வையை வாங்கி மடிப்பில்லாமல் அந்தப் பக்கம் துப்புகிற உருளை. அது யாருடையது?

பழமைவாதி, இதுவரை யார் கவனித்து வந்தாரோ அவரிடமே இருக்கட்டும், அவசரப்பட்டுக் கைமாற்றினால் கெட்டுப்போகும் என்பார். தாராளவாதி, யார் பேரில் இருக்கிறது என்று மட்டும் கேட்பார். நேர்மையாக வந்த சொத்தென்றால் அது அவர் இஷ்டம், வேலை பிடிக்காதவர் தாராளமாக வேறு இடம் போகலாம். அராஜகவாதி, சாவியே எதற்கு, பூட்டை உடைத்துப் போடு என்பார். தேசம், தலைவன் என்று கத்துகிறவர் உருளைக்கு ஒரு கொடியைக் கட்டிவிட்டு எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொல்வார். நம் ஆள், சோஷலிஸ்ட், இது எதையும் கேட்கமாட்டார். உருளைக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு நிற்பது யார் என்று பார்ப்பார்.

நம் வீட்டிலேயே இத்தனை பேரும் இருந்தோம், யோசித்துப் பார். ஒரு கரண்டி இடம் மாறினால் வீடே அதிரும்படி சத்தம் போட்ட அம்மா பழமைவாதி. அப்பா சோஷலிஸ்ட். என் அலமாரியை யாரும் தொடக்கூடாது என்று அட்டையில் எழுதி ஒட்டிய நான் தாராளவாதி. நீ என்னவென்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அப்பா வேறு ஏதாவது சொன்னாரா?

என்றும் உன்,
தம்பி

*

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தானே? தொண்டைக்கு வெந்நீர் குடி, வகுப்பில் கத்தாதே.

உன் கடிதத்தை டீ நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறாரே, நம் பாய்லர் அண்ணன், அவர் உடனே எழுந்து நின்றுவிட்டார். "அப்போ நான் அராஜகவாதி. என்னை எவனும் இதச் செய் அதச் செய்னு சொல்லக்கூடாது."

இஸ்திரி அக்கா கையிலிருந்த சட்டையை விடாமலே, "இதை உன் பொண்டாட்டிகிட்ட ஒரு தடவை சொல்லிட்டு வா. அப்புறமா எங்ககிட்ட சொல்லு" என்றாள்.

"சாவி என் கைக்கு வரட்டும், அப்பத் தெரியும்."

"சாவி வேணாம்னு சொல்றவருக்குச் சாவி எதுக்கு?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. ஜூலையில் சாவி அவரிடம்தான் போகிறது. இப்போதே அதற்கு ஒரு புதுக் கயிறு வாங்கி வைத்திருக்கிறார், நம் அராஜகவாதி.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பிடிக்காதவர் வேறு இடம் போகலாம் என்று தாராளவாதி சொல்கிறாரே, போகிறவருக்கு வேறு இடம் என்று ஒன்று இருக்க வேண்டாமா? இஸ்திரி அக்கா எங்கே போவாள்? கதவைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே தரை இருக்கிறதா என்று பார்க்காமல் சுதந்திரம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் என்னவென்று பிடிபடவில்லை என்றாய். எனக்கும்தான். அப்பா சொன்னதை நம்பினேன், அதற்கு மேல் யோசித்ததில்லை. உருளைச் சூட்டில் நிற்கும்போது இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா வேறு ஒன்றும் சொல்லவில்லை. எதைப் பற்றிக் கேட்டாய்?

உன் அக்கா

*

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

வகுப்பு முடிந்தது. உருளை நன்றாகவே ஓடியது. பாய்லர் அண்ணனுக்குக் கைதட்டல் கிடைத்தது என்று சொல். சாவி சுற்றிவருவதைச் சொன்னபோது யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. கொள்கை என்றால் புத்தகத்தில் இருப்பது என்று நினைத்திருந்தவர்கள், அதில் சோப்பு வாசனை அடிக்கிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி ஒரு கேள்வி கேட்டாள். பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

வேலை அதிகம். சுருக்கமாக முடிக்கிறேன்.

தம்பி

*

மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? உன் கடிதம் இத்தனை சிறியதாக வந்ததே இல்லை. அந்தப் பெண் என்ன கேட்டாள் என்று சொல்லாமல் விட்டுவிட்டாயே, இங்கே பாய்லர் அண்ணன் தினமும் என்னைப் பிடுங்குகிறார்.

இரண்டு நாளைக்கு முன்னால் ஒரு கூத்து. துணி காயப்போடும் முற்றத்தில் இரண்டு பேர் நீளமான நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். நான் போய், "யாருங்க நீங்க?" என்றேன்.

"ஓனர் சொல்லி வந்திருக்கோம்மா."

பாய்லர் அண்ணன் கரிக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எந்த ஓனர்? இங்க பதினாலு பேர் இருக்கோம். ஒல்லியா வேணுமா, குண்டா வேணுமா?"

"வெளயாடாதீங்கண்ணே. அளந்துட்டுப் போயிடறோம்."

"அளந்துக்கோ, அளந்துக்கோ. அப்படியே இந்தப் போர்வையையும் அளந்து மடிச்சு வெச்சுட்டுப் போ."

காற்றில் ஓர் ஈரப் போர்வை வந்து ஒருவர் முகத்தை மூடிக்கொண்டது. இஸ்திரி அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். விலாசம் தவறி வந்தவர்கள் என்று விட்டுவிட்டோம். ஆனால் போகும்போது அதில் ஒருவர் நம் கூடத்துச் சுவரை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். விலாசம் தவறி வந்தவர் சுவரைத் தட்டிப் பார்ப்பாரா? அன்றிலிருந்து அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது.

அப்பாவிடம் சொல்லவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பெல்லாம் பரவாயில்லையா? பதில் போட ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. குட்டி மிதிவண்டி ஓட்டப் பழகுகிறாள்.

நீ பிப்ரவரியில் கேட்டதை இப்போதும் யோசிக்கிறேன். தாராளவாதியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதே. ஒரு மனிதனுக்குத் தன்னுடையது என்று சொல்ல ஒரு துண்டு இடமாவது இருந்தால்தான் கூட்டத்துக்கு எதிராக அவனால் நிமிர்ந்து நிற்க முடியும் என்கிறார் அவர். எல்லாம் எல்லோருடையது என்றாகிவிட்டால், தவித்து நிற்கிற ஒருவன் எதைப் பிடித்துக்கொள்வான்? பழைய சோஷலிஸ்டுகள் இதற்குச் சொன்ன பதில், பக்கத்தில் இருப்பவனைப் பிடித்துக்கொள் என்பது. அழகான பதில்தான். பக்கத்தில் ஆள் இருப்பவர்களுக்கு.

அப்பாவின் மூட்டுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 29

தம்பி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கும் ஒன்றுமில்லை. தைலம் வந்தது.

நாடாக்காரர்கள் திங்கட்கிழமை மறுபடி வந்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் நான் மட்டும்தான் முற்றத்தில் இருந்தேன். "ஓனர்னா யாருங்க, ஆளைச் சொல்லுங்க" என்றேன். "அதான்மா, காலேஜ்ல பாடம் எடுக்கறாரே, அந்த சார்" என்றார் ஒருவர். அவருக்கு நான் யார் என்று தெரியாது. "இடம் குடுக்கறாராம். மொத்தமா இடிச்சுட்டு வீடு கட்டப் போறாங்க."

கையில் வாளியோடு அப்படியே நின்றேன். வாளியை எப்போது கீழே வைத்தேன் என்று தெரியவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டார்கள் போலிருக்கிறது, அதுவும் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்த பேச்சை ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதுகிறேன்.

"அப்பா, சலவைக்கூடத்து இடம் யார் பேர்ல இருக்கு?"

"ஏம்மா?"

"சொல்லுங்க."

"என் அப்பா எனக்கு விட்டுட்டுப் போன கிடங்குதானே அது. மிஷின் எல்லாம் எல்லாரோடதும். இடம் என் பேர்ல இருந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தம்பி வந்தப்போ அவன் பேர்ல எழுதிட்டேன்."

எழுதிவிட்டேன் என்பதை, கடிதம் எழுதிவிட்டேன் என்பதுபோல் சொன்னார்.

"அவங்க யாருக்கும் தெரியாதா?"

"யாரும் கேக்கலயே."

உண்மைதான் தம்பி. யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சாவி சுற்றிச்சுற்றி வந்ததில், சுவர் யாருடையது என்று கேட்கவேண்டும் என்றே ஒருவருக்கும் தோன்றவில்லை. சாவி கையில் இருந்தால் வீடு நம்முடையது என்று பதினான்கு பேர் நம்பியிருக்கிறோம். கொள்கையை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு தப்பு வரும்.

"எல்லாரோடதும்னு சொல்லித்தானே எங்களை வளர்த்தீங்க?"

"இப்பவும் அதத்தான் சொல்றேன். ஆனா ஒரு நாள் அவங்களுக்குள்ள சண்டை வந்து வித்துப் பங்கு போட்டுக்கலாம்னு கை தூக்கிட்டா? பின்னாடி ஒருத்தர் நிக்கணும்."

"அந்த ஒருத்தர் தம்பியா? இருபது வருஷமா அங்க நின்னது நான்."

அப்பா தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "உன் கையில குடுத்தா, மறுநாளே எல்லாரையும் கூப்பிட்டு அவங்க பேருக்கு எழுதிக் குடுத்துடுவே."

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. நான் எதை எதையோ எதிர்பார்த்தேன். நீ பொம்பளை, உனக்கு எதற்கு என்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில்கூடத் தயாராக இருந்தது. இதற்கு இல்லை. அவர் சொல்லிக்கொடுத்ததை நான் நம்பினேன் என்பதுதான் என் குறை.

"தம்பி அதை விக்கப் போறான்ப்பா" என்றேன். "அளந்துட்டுப் போயிட்டாங்க."

அவர் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "யாரு? அளக்கவா?" என்றார். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

மார்ச்சில் நாடாக்காரர்களைப் பற்றி உனக்கு எழுதினேன். நீ வெயிலைப் பற்றி எழுதினாய்.

அக்கா

*

மே 12

தம்பி,

பதில் இல்லை. போன் செய்தாலும் நீ எடுக்கவில்லை. குட்டி நலம்தானே? அதை மட்டுமாவது எழுது.

நான் யாரிடமும் இன்னும் வாய் திறக்கவில்லை. காலையில் பூட்டைத் திறக்கும்போது, திருடன் வீட்டைத் திறப்பதுபோல் அக்கம்பக்கம் பார்க்கிறேன். "என்ன சாவி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று இஸ்திரி அக்கா கேட்கிறாள். பல்வலி என்று சொல்லியிருக்கிறேன். தினமும் எனக்குக் கிராம்பு கொண்டுவந்து தருகிறாள். வாங்கி மென்றுகொண்டிருக்கிறேன்.

அப்பா கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்கிறார்.

மகனுக்கு ஆசிகள். நாடாவோடு வந்தவர்களை அனுப்பியது நீயா? — அப்பா

*

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டி நலம். நானும் நலம் என்று எழுதித்தான் பழக்கம், எழுதிவிடுகிறேன்.

அனுப்பியது நான்தான்.

அப்பா என் பேருக்கு எழுதியபோது இரண்டு வார்த்தைகள் வாங்கிக்கொண்டார். விற்கக்கூடாது, அக்காவிடம் சொல்லக்கூடாது. இரண்டாவதைக் காப்பாற்றினேன். அதுதான் பெரிய தப்பு என்று இப்போது தெரிகிறது.

நீ மார்ச்சில் கேட்டாயே, அந்த மாணவி என்ன கேட்டாள் என்று. "சார், அந்த உருளை எல்லாரோடதும் சரி. அது நிக்கற இடம் யாரோடது?" இதுதான் கேட்டாள். மணி அடிக்கவில்லை அக்கா. மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றேன். அது என்னுடையது என்று அந்த வகுப்பில் எந்த வாயால் சொல்வேன்? நன்றாகக் கேட்டாய் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதுதான் நான் எடுத்த கடைசி வகுப்பும். அரசியல் பாடத்துக்கு ஆள் சேர்வதில்லை என்று துறையையே மூடிவிட்டார்கள். மார்ச்சிலிருந்து காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். வீட்டிலேயே போன வாரம்தான் சொன்னேன். பிடிக்காதவர் வேறு இடம் போகலாம் என்று நான் எழுதியதற்கு நீ கேட்டாயே, வெளியே தரை இருக்கிறதா என்று. அந்தக் கடிதத்தைப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துதான் திரும்பப் படித்தேன்.

என் பேரில் இருப்பது அது ஒன்றுதான். பிடித்துக்கொள்ள எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. வாங்குகிறவர்கள் ஜூலைக் கடைசிக்குள் முடிவு கேட்கிறார்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை.

கூடத்தில் யாரிடமும் சொல்லாதே, நான் ஏதாவது வழி யோசிக்கிறேன். வேலை போனதை அப்பாவிடம் சொல்லாதே. என்னைத் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் தம்பி

*

ஜூன் 29

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதம் உன்னைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டேன். திட்டி நான்கு கடிதம் எழுதினேன், நான்கையும் கொதிகலனில் போட்டேன். பாய்லர் அண்ணன், "என்ன சாவி, ஆவி பத்தலயா?" என்றார்.

பையை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனாய் என்று படித்த இடத்தில்தான் எனக்கு இரண்டாவது தடவை மூச்சு நின்றது. எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே என்று கோபம் வந்தது. பிறகு கிராம்பு மென்றுகொண்டிருந்த என் ஞாபகம் வந்தது.

அப்பா நேற்று என் அறைக்கு வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கூட்டத்துல சொல்லிடாதேம்மா" என்றார். "முப்பது வருஷம் என்னை நம்பினவங்க. என் மூஞ்சியில முழிக்க மாட்டாங்க."

"அவங்க உங்களை நம்பினாங்க. நீங்க அவங்கள நம்பினீங்களாப்பா?"

"நம்பணும்னுதான் ஆசைப்பட்டேன்" என்றார். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. எழுந்து போகும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அவரை வெறுக்க முடியவில்லை தம்பி. பழமைவாதி என்று பேர் வைத்துத் தள்ளவும் முடியவில்லை. மனிதர்களை நம்ப வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, ஒரு கையை மட்டும் கதவுப் பிடியிலேயே வைத்திருந்த ஒரு மனிதர். அந்தப் பிடிதான் இப்போது உன் கையில் இருக்கிறது.

நீங்கள் இருவரும் ஒரே ஒரு விஷயத்தை என்னிடம் கேட்கிறீர்கள். சொல்லாதே என்கிறீர்கள். அவர் தன் மானத்துக்காகக் கேட்கிறார், நீ உன் பிழைப்புக்காகக் கேட்கிறாய். இரண்டும் நியாயம்தான். ஆனால் பதினான்கு பேருடைய தரையைப் பற்றி ஒரு வீட்டுக்குள் மூன்று பேர் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கிறோம். முதலாளி வீடு என்பது இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் அதுவும் சாதாரணக் குடும்பம்தான். அவரவருக்கு அவரவர் பயம்.

நான் என்னவென்று உனக்குப் பிடிபடவில்லை என்று எழுதினாய். அப்பாவுக்கு மட்டும் அது முன்னாலேயே பிடிபட்டிருக்கிறது. எழுதிக்கொடுத்துவிடுவேன் என்றார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். என்னிடம் எழுதிக்கொடுக்க இடம் இல்லை. வாய் இருக்கிறது.

நாளை மறுநாள் ஜூலை முதல் தேதி. காலையில் நான் கடைசியாகப் பூட்டைத் திறப்பேன். எல்லோரும் உருளையைச் சுற்றி நிற்பார்கள். அப்பா வழக்கம்போல் பின்னால், வேலையிலிருந்து ஓய்ந்து ஓட்டு இல்லாதவர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பாய்லர் அண்ணன் புதுச் சட்டையும் புதுக் கயிறுமாகக் கையை நீட்டுவார். அந்தக் கையில் சாவியை வைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். இடம் யாருடையது, யார் எழுதினார், யார் விற்கப் பார்க்கிறார், நான் எத்தனை நாளாக மறைத்தேன் என்பது வரை. கூச்சல் வரும். இஸ்திரி அக்கா என் முகத்தில் கிராம்பை விட்டெறிந்தாலும் வாங்கிக்கொள்வேன். கூச்சல் அடங்கியதும், யார் எழுதிக் கேட்டாலும் இந்தக் கூடத்தை விட்டு ஒருவரும் வெளியேறுவதில்லை என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். முதலில் உயர்கிற கை என்னுடையதாக இருக்கும். உனக்கு எதிராகத்தான்.

அப்பா பயந்தது போலவே அவர்கள் விற்றுப் பங்கு போடலாம் என்று கை தூக்கினால்? தூக்கலாம். அது அவர்கள் கை. அதைப் பார்க்கத் தைரியம் இல்லாவிட்டால் முப்பது வருடம் சாவியைச் சுற்றவிட்டது வெறும் விளையாட்டு.

இன்னொரு தீர்மானமும் இருக்கிறது. மடிப்பு மேஜைக்குப் போன மாதத்திலிருந்து கூடுதலாக ஓர் ஆள் தேவைப்படுகிறது. வேலை போன ஒருவனை அங்கே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பேன். சாவி அவன் கைக்கு வர ஏழு வருடமாவது ஆகும். வந்து நின்றால் அந்தத் தரை அவனுடையதும்தான். பக்கத்தில் ஆள் இருப்பவர்களுக்கு என்று எழுதினாயே, ஆள் இருக்கிறது என்று சொல்ல நினைக்கிறேன். அவர்கள் சம்மதிப்பார்களா தெரியாது. நீ வருவாயா என்பதும் தெரியாது.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை. பாய்லர் அண்ணனிடமோ இஸ்திரி அக்காவிடமோ சொல்லவில்லை. உன்னிடம் சொன்னதாகவும் ஆகாது. இது உன் கைக்கு வரும்போது சாவி கைமாறியிருக்கும்.

குட்டிக்கு முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா